அக்கா, தங்கச்சி, வீட்டு ரகசியம்: திகில் கதை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்ல இந்த மாதிரி கதைங்களைப் படிக்கிறவங்க, எழுதிப் பாக்க ஆசைப்படறவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்களை ஒரே இடத்துல போட்டு வெச்சிருக்கேன். சில பதில் ரொம்ப நீளம், சிலதுக்கு ரெண்டு வரி போதும்.

அக்கா தங்கச்சி திகில் கதைன்னா பேய்க்கதையா?

பேய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரே வீட்ல ஒரே ரூம்ல வளர்ந்த ரெண்டு பொண்ணுங்க, அதுல ஒருத்திக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் இன்னொருத்திக்குத் தெரியாது, அந்த விஷயத்தை மிதிச்சிடாம சுத்திச் சுத்தியே மொத்த வீடும் இத்தனை வருஷமா நடமாடிக்கிட்டு இருக்கு. இதுதான் இந்தக் கதைங்களோட முதுகெலும்பு. துப்பறியும் கதைல யார் செஞ்சான்னு கேப்போம், இங்க "இவங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா"ன்னு கேக்கறோம். சாப்பிட உக்காந்திருக்கிற அஞ்சு பேர்ல நாலு பேருக்குத் தெரியும், தெரியாதது உனக்கு மட்டும்தான்னு ஒரு பொண்ணுக்கு உறைக்கிற அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறேன்.

அண்ணன் தம்பி கதைல இந்த பயம் வராதா? ஏன் அக்கா தங்கச்சி மட்டும்?

வரும், ஆனா வேற மாதிரி வரும். அண்ணன் தம்பி சண்டைன்னா நம்ம ஊர்ல சொத்து, கோபம், பேச்சுவார்த்தை இல்லாமப் போறதுன்னு வெளிய வெடிச்சிடும். அக்கா தங்கச்சி விஷயம் உள்ளுக்குள்ளயே ஊறும். முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு, இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்: ஒரு தங்கச்சியோட முதல் நாலஞ்சு வருஷம் அவ கையில இல்ல, அவ அக்கா கையில இருக்கு. "நீ மூணு வயசு வரைக்கும் பேசவே இல்லடி", "உனக்கு அந்த நாய் கடிச்சது ஞாபகம் இல்லையா, நான்தானே உன்னைத் தூக்கிட்டு ஓடினேன்" இப்படி அக்கா சொல்லிச் சொல்லித்தான் தங்கச்சிக்கு தன்னோட சின்ன வயசே தெரியுது, அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க, அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கியிருப்பார், பாத்தது அக்கா ஒருத்திதான். அவ சொன்னது பொய்னா? அது நிஜமான்னு சரிபாக்க ஆளே இல்ல. பேயை விட இது எனக்கு பெரிய பயம்.

இன்னொண்ணு சிங்கப்பூருக்கே உரியது. கல்யாணம் ஆகாம தனியா எச்டிபி (அரசாங்க வீடமைப்புக் கழகம்) ஃப்ளாட் வாங்கணும்னா பொதுவா 35 வயசு ஆகணும். அதனால முப்பது தாண்டின பொண்ணுங்க ஸ்கூல் படிக்கிறப்ப பகிர்ந்துகிட்ட அதே ரூம்ல, அதே டபுள் டெக்கர் கட்டில்ல இன்னும் படுத்திருக்கிறது இங்க சாதாரணம். மேல் கட்டில்ல அக்கா, கீழ தங்கச்சி, ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, ராத்திரி லைட் அணைஞ்ச பிறகு மேல இருந்து ஒரு குரல் வருது. கதை எழுதறவங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

வெள்ளைக்காரங்க கதைல பெரிய பங்களா, பரண், பூட்டின மாடி ரூம்லாம் இருக்கு. நாலு ரூம் ஃப்ளாட்ல ரகசியத்தை எங்க ஒளிக்கிறது?

இது நிறைய பேர் கேக்கற கேள்வி, நான் ரொம்ப ஆசையா பதில் சொல்ற கேள்வியும் இதுதான்.

முதல்ல பாம் ஷெல்டர். 1990கள் கடைசில இருந்து கட்டின ஃப்ளாட்ல வீட்டுக்குள்ளயே ஒரு ஷெல்டர் இருக்கணும்னு சட்டம் (1997ல வந்தது). தடிமனான கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது, அந்தக் கதவை நம்ம இஷ்டத்துக்குக் கழட்டவோ மாத்தவோ முடியாது. நம்ம வீடுங்கள்ல அதுக்குள்ள என்ன இருக்கும், அரிசி மூட்டை, ஊருக்குப் போற பெட்டி, தீபாவளி முறுக்கு டின், பழைய ஃபேன், யாரும் தொடாத ஒரு அட்டைப் பெட்டி. போர் வந்தா குடும்பத்தைக் காப்பாத்தறதுக்குன்னு கட்டின இடத்துல குடும்பத்துக்கிட்ட இருந்தே ஒண்ணை மறைச்சு வைக்கிறது, இதை நல்லா எழுதினா பரணே தேவையில்ல.

பழைய ஃப்ளாட்ல ஷெல்டர் இருக்காது. ஆனா பொதுவா காரிடார் இருக்கும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னல் வழியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அங்க ரகசியத்தை ஒரு இடத்துல ஒளிக்க முடியாது, பழக்கத்துலதான் ஒளிக்க முடியும். எனக்குப் பிடிச்ச பொருள் எது தெரியுமா, கீழ் மாடி லெட்டர் பாக்ஸ் சாவி. அந்த சாவி யார்கிட்ட இருக்கு? ஏன் எப்பவும் அம்மாகிட்ட மட்டும் இருக்கு? அம்மா முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரில படுத்தப்ப கூட ஏன் அதை பெரியவகிட்ட மட்டும் குடுத்தாங்க, சின்னவ "நான் எடுத்துட்டு வரேன்"னு சொன்னப்ப ஏன் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "வேணாம்"னாங்க? இவ்ளோதான், ஒரு சின்ன சாவிய வெச்சு மூணு அத்தியாயம் ஓட்டலாம்.

ராத்திரி மேல் வீட்ல கோலி உருளற சத்தம் மட்டும் வேணாம் ப்ளீஸ். இங்க எல்லாருக்கும் அது தெரியும், எல்லாரும் எழுதியாச்சு.

எந்த மாதிரி ரகசியம் நல்லா எடுபடும்? கள்ளக்காதல், கொலை இதெல்லாம் படிச்சுப் படிச்சு அலுத்துடுச்சு.

யாரோ ஒருத்தர் பாசத்துக்காகவோ மானத்துக்காகவோ காப்பாத்தின ரகசியம்தான் எப்பவும் எடுபடும். கெட்டவன் மறைச்சா அது குற்றம், கண்டுபிடிச்சு தண்டனை குடுத்தா முடிஞ்சது. உன்மேல உயிரையே வெச்சிருக்கிற அக்கா மறைச்சா? உண்மை தெரிஞ்ச பிறகும் அவளை வெறுக்க முடியாது, அங்கதான் வாசகருக்கு மூச்சு முட்டும்.

ரகசியம் வெளிய வர்ற வழியும் நம்பற மாதிரி இருக்கணும். டைரி கிடைக்கிறது, சாகும்போது பாட்டி சொல்றது ரெண்டும் ரொம்ப அடிபட்டுடுச்சு. இங்க வேற நல்ல வழிங்க இருக்கு. சிபிஎஃப் (வேலை பாக்கறவங்களோட மத்திய சேமநிதி) பணத்தை உயில்ல எழுத முடியாது, யாருக்குப் போகணும்னு தனியா நாமினேஷன் பண்ணணும், பண்ணலன்னா பணம் பொது அறங்காவலர் மூலமா சட்டப்படி குடும்பத்துக்குப் பிரிச்சுத் தருவாங்க. ஆக அப்பா உயில்ல ரெண்டு பொண்ணுங்க பேரும் சமமா இருக்கு, வீட்ல அழுது முடிச்சு பதினாறாம் நாள் காரியமும் ஆச்சு, அப்புறம் பாத்தா சிபிஎஃப் நாமினேஷன்ல மூணு பேர் இருக்கு. யார் அந்த மூணாவது? இன்னும் ஒரு கொக்கி இருக்கு, கல்யாணம் பண்ணா அதுக்கு முன்னாடி பண்ணின நாமினேஷன் செல்லாமப் போயிடும். அப்போ அப்பா அம்மாவைக் கட்டின பிறகு, தெரிஞ்சே, உக்காந்து அந்தப் பேரை எழுதியிருக்கார். சட்டத்துல இருக்கிற ஒரு சின்ன விதி ஒரு மனுஷனோட மனசைத் தொறந்து காட்டுது பாருங்க.

ஐசி (அடையாள அட்டை) நம்பரும் அப்படித்தான். 1968ல இருந்து இங்க பொறந்தவங்களோட நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் பொறந்த வருஷம், 2000க்கு முன்னாடி பொறந்தா 'எஸ்' எழுத்து, அதுக்கப்புறம்னா 'டி'. "நீ 2000 பொங்கலன்னிக்குப் பொறந்தவ"ன்னு வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி வளர்த்த பொண்ணோட சர்டிஃபிகேட்ல 'எஸ்99'னு இருந்தா அவ என்ன நினைப்பா?

தத்தெடுப்பை ரகசியமா வைக்கலாமா? யாரையாவது புண்படுத்துமோன்னு பயமா இருக்கு.

வைக்கலாம், ஆனா பொறுப்பா வைங்க. அந்தக் காலத்துல சிங்கப்பூர், மலாயாவுல வசதி இல்லாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைங்களை இந்தியக் குடும்பங்களுக்கும் மலாய்க் குடும்பங்களுக்கும் குடுத்தது நிஜமா நடந்தது. அந்தப் பொண்ணுங்க தமிழ் பேசி, பொட்டு வெச்சு, சேலை கட்டி, நம்ம வீட்டுப் பொண்ணாவே வளர்ந்து பேரன் பேத்தி எடுத்தாங்க. இது நம்ம வரலாறு, நிறைய வீட்ல பெருமையா சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு முகத்தையோ ரத்தத்தையோ பயங்கரமா காட்டற கதை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அப்படி ஒண்ணு படிச்சா பாதில மூடி வெச்சிடுவேன். பயம் தத்தெடுத்ததுல இல்ல. "உன்னைப் பெத்தவ யாருன்னு உன் அக்காவுக்கு ஏழு வயசுலயே தெரியும், அந்த அம்மா மாசம் ஒரு தடவை ப்ளாக் கீழ இருக்கிற வாய்ட் டெக்ல வந்து நின்னு உன்னைப் பாத்துட்டுப் போனாங்க, உன் அக்கா ஒவ்வொரு தடவையும் உன் கையப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டுப் போனா"ங்கிறதுல இருக்கு.

நீங்க சொல்றது புரியுது, ஆனா பிடிபடல. முழுசா ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

சரி, நானே கட்டின கதை ஒண்ணு.

வட தமிழ்நாட்டுப் பக்கம் பூவாடைக்காரி படையல்னு ஒண்ணு உண்டு, அங்க இருந்து வந்த குடும்பங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வீட்ல கன்னியாவோ சுமங்கலியாவோ இறந்துபோன பொண்ணை வீட்டு தெய்வமா நினைச்சு, நல்ல காரியத்துக்கு முன்னாடி புதுத்துணி, பூ, வளையல் வெச்சுக் கும்பிடறது. படையல் முடிஞ்ச பிறகு அந்தத் துணியை வீட்ல இருக்கிற பொண்ணுக்கே உடுத்தக் குடுத்துடுவாங்க.

இப்ப ஈஷூன்ல ஒரு ஃப்ளாட். ரெண்டு பொண்ணுங்க, பெரியவளுக்கும் சின்னவளுக்கும் ஏழு வயசு வித்தியாசம். நடுவுல ஒரு குழந்தை இருந்து போயிடுச்சுன்னு மட்டும் சொல்லுவாங்க, பேர் சொல்ல மாட்டாங்க, "பாப்பா" அவ்ளோதான். வருஷா வருஷம் தை மாசம் அம்மா சிராங்கூன் ரோட்டுக்குப் போய் பட்டுப் பாவாடை சட்டை ஒண்ணு வாங்கிட்டு வருவாங்க. கடைக்காரர் எத்தனை வயசுக்கும்மான்னு கேப்பார், அம்மா யோசிக்காம ஒரு வயசு சொல்லுவாங்க. தாம்பாளத்துல பாவாடை, அதுமேல கண்ணாடி வளையல், மஞ்சள், மல்லிகைச் சரம், பக்கத்துல வாழை இலைல சர்க்கரைப் பொங்கல், எல்லாம் வெச்சு விளக்கேத்தி பத்து நிமிஷம் ரூம் கதவைச் சாத்திட்டு எல்லாரும் ஹால்ல உக்காந்திருப்பாங்க, யாரும் பேசக் கூடாது, டிவி போடக் கூடாது. அப்புறம் கதவைத் தொறந்து அந்தப் பாவாடையை எடுத்து சின்னவளுக்குக் கட்டி விடுவாங்க. எப்பவும் அளவு சரியா இருக்கும். பெரியவளுக்கு ஒரு தடவை கூடக் குடுத்ததில்ல.

சின்னவளுக்குப் பன்னெண்டு வயசு ஆகறப்ப, பாவாடை நாடாவை முடிச்சுப் போட்டுக்கிட்டே கேக்கறா: "அக்கா, பாப்பா குழந்தையாவே செத்துப் போச்சுல்ல, அப்புறம் ஏன் அம்மா பன்னெண்டு வயசு அளவுல வாங்கறாங்க?" அக்கா சட்டை ஊக்கு மாட்டிக்கிட்டே, நிமிந்து கூடப் பாக்காம சொல்றா: "அவளும் வளர்றால்ல."

இந்த இடத்துல வாசகர் பேய்னு முடிவு பண்ணிடுவாங்க, பண்ணட்டும். கொஞ்ச தூரம் போனதும் இல்ல இல்ல, அந்தக் குழந்தை சாகல, யாருக்கோ குடுத்துட்டாங்க, எங்கயோ வளர்ந்துக்கிட்டு இருக்குன்னு தோணும், அம்மா அந்த ஞாபகத்துலதான் அளவைக் கூட்டிக்கிட்டே போறாங்கன்னு மனசு இளகும். மூணாவது அடி கடைசில. சின்னவளுக்குப் பதினஞ்சு வயசு, ஐசி எடுக்கணும், பர்த் சர்டிஃபிகேட் கேக்கறா, அம்மா முகம் வெளுத்துப் போகுது. அது இவளோடது இல்ல, இறந்த பாப்பாவோடது. பாப்பா போன கொஞ்ச நாள்ல யாருக்கும் தெரியாம எங்க இருந்தோ வந்த குழந்தை இவ, செத்த பாப்பாவோட பேரு, பிறந்த நாள், சர்டிஃபிகேட் எல்லாத்தையும் இவளுக்குப் போட்டு வளர்த்திருக்காங்க. பாவாடை அளவு ஏன் எப்பவும் சரியா இருந்துச்சு? பாப்பாவோட வயசும் இவளோட வயசும் காகிதத்துல ஒண்ணுதான். ஒவ்வொரு தையிலயும் உயிரோட இருக்கிற பொண்ணுக்கு செத்த பொண்ணோட துணியைக் கட்டி விட்டிருக்காங்க, அதுக்கு முன்னாடி கதவைச் சாத்தி அனுமதி கேட்டிருக்காங்க. ஏழு வயசு அக்கா எல்லாத்தையும் பாத்திருக்கா.

கவனிங்க, முதல் பக்கத்துலயே பாவாடை இருக்கு. புதுசா எந்தத் தடயமும் கடைசில வந்து குதிக்கல, அதே துணியை மூணு தடவை மூணு விதமா பாக்க வெச்சிருக்கோம். அந்தக் குழந்தை எங்க இருந்து வந்துச்சுங்கிறதை நான் இன்னும் முடிவு பண்ணல, சொல்லாமலே விட்டாலும் கதை நிக்கும்னு நினைக்கிறேன்.

நம்ம மரபுல இந்த மாதிரி அக்கா தங்கச்சி கதைங்க உண்டா, இல்ல இது இறக்குமதியா?

எக்கச்சக்கமா உண்டு. மூதேவியும் சீதேவியும் அக்கா தங்கச்சிதானே. ஜேஷ்டான்னு சொல்ற அந்த அக்காவுக்குப் பல்லவர், முற்காலச் சோழர் காலத்துல சிலை வெச்சுக் கும்பிட்டிருக்காங்க, காக்கைக் கொடியும் கழுதை வாகனமும் கையில துடைப்பமுமா அவளைக் காட்டுவாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்த வழிபாடு மங்கி, பேரே திட்டற சொல்லா ஆயிடுச்சு. புராணத்துல ஒரு கதை: அக்காவுக்குக் கல்யாணம் ஆகாம நான் பண்ணிக்க மாட்டேன்னு லட்சுமி சொல்றா, சரின்னு ஜேஷ்டாவை ஒரு முனிவருக்குக் கட்டி வெக்கறாங்க, அந்த மனுஷன் அவளோட வாழ முடியாம அரச மரத்தடில உக்கார வெச்சுட்டுப் போயே போயிடறார், அவ அங்கயே அழுதுக்கிட்டு இருக்கா, தங்கச்சி சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போறா. யோசிச்சுப் பாருங்க, தான் கல்யாணம் பண்ணிக்கணும்ங்கிறதுக்காக அக்காவை ஒருத்தர் தலையில கட்டினது யாரு? வாரா வாரம் வர்றது பாசமா, குற்ற உணர்ச்சியா? இதுல ஒரு நாவலே இருக்கு. ஏழு கன்னிமார் கூட அக்கா தங்கச்சிங்கதான், ஏரிக்கரைல ஏழு கல்லா வரிசையா நிக்கறவங்க.

சிங்கப்பூர்லயே பாருங்க, தெக்குப் பக்கம் கடல்ல சிஸ்டர்ஸ் ஐலண்ட்ஸ், மலாய்ல பூலாவ் சுபார் லாவுட், பூலாவ் சுபார் டாராட்னு ரெண்டு தீவு. மினா, லினான்னு ரெண்டு அக்கா தங்கச்சி, பிரியாம இருப்போம்னு இருந்தவங்க. தங்கச்சி லினாவை ஒரு கடற்கொள்ளைக் கூட்டத் தலைவன் பாத்துட்டு வலுக்கட்டாயமா படகுல ஏத்திட்டுப் போறான், அக்கா மினா பின்னாடியே நீந்திப் போறா, புயல் அடிக்குது, அவ மூழ்கறதைப் பாத்து லினாவும் பிடியை உதறிட்டு தண்ணில குதிச்சிடறா. அவங்க மூழ்கின இடத்துல ரெண்டு தீவு எழும்புச்சாம். 2014ல அந்த இடத்தைக் கடல் பூங்காவா அறிவிச்சாங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் பவளப்பாறை காட்டறாங்க. ரெண்டு தீவுக்கும் நடுவுல இருக்கிற நீரோட்டம் ஆபத்துன்னு சொல்லுவாங்க. அதைப் படகுல நின்னு பாக்கறப்ப எனக்கு எப்பவும் ஒண்ணுதான் தோணும், மினா கூப்பிட்டப்ப லினாவுக்குக் கேட்டுச்சா?

கொரிய சீரியல் பாக்கறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன் கதை தெரிஞ்சிருக்கும். ஜோசான் காலத்துப் பழங்கதை, சித்தி கொடுமையால செத்துப்போன ரெண்டு சகோதரிங்க ஆவியா வந்து ஊருக்குப் புதுசா வர்ற அதிகாரிகிட்ட நியாயம் கேப்பாங்க, வர்ற அதிகாரி எல்லாம் பயந்தே செத்துப் போவார், கடைசில ஒருத்தர்தான் உக்காந்து என்னம்மா வேணும்னு கேப்பார். 2003ல வந்த கொரியப் படம் ஒண்ணும் இதை வெச்சு எடுத்ததுதான்.

நிஜத்துல இந்த மாதிரி நடந்திருக்கா?

ரொம்ப கேக்கற பேரு பாபான் சகோதரிகள். பிரான்ஸ்ல ல மான்ங்கிற ஊர், 1933 பிப்ரவரி, கிறிஸ்டீன், லேயான்னு வீட்டு வேலை பாத்த அக்கா தங்கச்சி தங்களோட எஜமானியம்மாவையும் அவங்க பொண்ணையும் கொன்னுட்டாங்க. கொன்ன பிறகு ஓடல, தங்களோட ரூம்ல ஒரே கட்டில்ல படுத்திருந்தாங்க. அக்காவைத் தங்கச்சிகிட்ட இருந்து பிரிச்சு ஜெயில்ல வெச்சப்ப அவ துடிச்ச துடிப்பைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. 1937ல அவ மனநல மருத்துவமனைல இறந்துட்டா. லாசேக், ஃபால்ரேன்னு ரெண்டு பிரெஞ்சு டாக்டருங்க 1877லயே எழுதினாங்க, வெளியுலகத் தொடர்பு இல்லாம நெருங்கி வாழற ரெண்டு பேர்ல ஒருத்தரோட பிரமை இன்னொருத்தருக்கும் ஒட்டிக்கும், பிரிச்சு வெச்சா ரெண்டாவது ஆளுக்குப் பெரும்பாலும் தெளிஞ்சிடும்னு. இன்னொண்ணு கப்கிரா பிரமை, 1923ல கப்கிராங்கிற டாக்டரும் அவரோட சகாவும் பதிவு பண்ணினது: "இவ என் அக்கா மாதிரியே இருக்கா, ஆனா என் அக்கா இல்ல, வேற யாரோ வேஷம் போட்டிருக்காங்க"ன்னு ஒருத்தர் உறுதியா நம்பறது.

இதையெல்லாம் கதைல பயன்படுத்தலாம். ஆனா கடைசிப் பக்கத்துல ஒரு டாக்டரைக் கொண்டு வந்து நோய்க்குப் பேரு சொல்லி முடிக்கிறது மட்டும் வேணாம். மனநோய் இருக்கிறவங்க பயப்பட வேண்டிய ஆளுங்க இல்ல, நம்ம சமூகத்துல ஏற்கனவே அவங்களை மறைச்சு மறைச்சுதான் வெச்சிருக்கோம்.

கதை சொல்றவளே பொய் சொல்றது ஏமாத்து வேலை இல்லையா?

உண்மையை மறைச்சா ஏமாத்து. கண்ணு முன்னாடி வெச்சுட்டு நம்மளைக் கவனிக்காம விட வெச்சா கலை. ஷேர்லி ஜாக்சன் 1962ல எழுதின 'வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்' படிங்க, 18 வயசு தங்கச்சி சொல்ற கதை, ஆறு வருஷம் முன்னாடி குடும்பத்துல நாலு பேர் சர்க்கரைல கலந்த ஆர்செனிக்னால செத்துட்டாங்க, அக்கா சர்க்கரை போட்டுக்கறதில்ல, அதனால பழி அவமேல விழுந்து கேஸ் நடந்து விடுதலை ஆயிட்டா. அந்தத் தங்கச்சி நம்மகிட்ட அநேகமா எதையும் பொய்யா சொல்லல. கேட்டா சொல்லியிருப்பா, நாமதான் கேக்கல. முடிவு தெரிஞ்ச பிறகு முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படிங்க, வேற புத்தகமா இருக்கும்.

எப்பவும் அம்மாவையே வில்லியா காட்டறாங்களே?

ஆமா, எனக்கும் இதுல வருத்தம்தான். குழந்தைக்கு வேணும்னே நோய் வரவெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையற தாய்மாரைப் பத்தி 1977ல ராய் மெடோங்கிற பிரிட்டிஷ் டாக்டர் எழுதினார், அதுக்கப்புறம் கதைங்கள்ல அந்த மாதிரி அம்மாக்கள் நிறைய வந்துட்டாங்க. நம்ம வீட்டு நிலைமையை யோசிச்சா அம்மாவை விட்டுட்டு அப்பாவைப் பாருங்க. எதுவுமே தெரியாத மாதிரி தமிழ் முரசை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற அப்பா. அத்தை, பெரியம்மா, ஊர்ல இருந்து ஒரு மாசம் வந்து தங்கிட்டு போற சித்தி, இவங்களையும் விடாதீங்க. சித்தி வந்துட்டுப் போன பிறகு வீடு ஏன் ஒரு வாரம் பேசாம இருக்குங்கிறதுல கதை இருக்கு.

பேச்சு சிங்கப்பூர்த் தமிழ்ல இருக்கலாமா, இல்ல எழுத்துத் தமிழா?

பேச்சு பேச்சாவே இருக்கட்டும். "ஏ அக்கா, லிஃப்ட் வந்துருச்சு லா"ன்னு சொல்ற பொண்ணு, ஒரு நாள் திடீர்னு பாட்டி காலத்துத் தமிழ்ல, தான் கேட்டே இருக்க முடியாத ஒரு சொல்லைச் சொன்னா, அந்த ஒரு சொல்லுலயே ரோமம் சிலிர்த்துடும்.

முடிவுல எல்லா ரகசியமும் வெளிய வரணுமா?

வாசகருக்கு வரணும். கதைல இருக்கிற எல்லாருக்கும் வரணும்னு இல்ல. தங்கச்சி கண்டுபிடிச்சுட்டா, ஆனா கண்டுபிடிச்சதை அக்காகிட்ட சொல்லாம இருக்க முடிவு பண்றா, இனிமே ரகசியம் காக்கறவ அவ. இந்த மாதிரி முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா வீடு அப்படியே இருக்கு, சாவி மட்டும் கை மாறுது.

எத்தனை வயசுல இருந்து படிக்கலாம்?

பழங்கதைங்க, தீவு கதை எல்லாம் பத்து வயசுலயே சொல்லலாம். விஷம், வன்முறை, குழந்தைங்களைக் கொடுமைப்படுத்தறது வர்ற நாவலுங்க பதினாறுக்கு மேலன்னு வெச்சுக்கறது என் பழக்கம். முதல்ல நீங்க படிச்சுட்டுக் குடுங்க, அது உங்க பிள்ளையைப் பொறுத்தது.

படிச்ச பிறகு எங்க வீட்டு விஷயமே ஞாபகம் வந்து தூக்கம் வரல. என்ன பண்றது?

இதை எழுதிக் கேக்கறவங்க கம்மி இல்ல, நேர்ல குரலைத் தாழ்த்திக் கேக்கறவங்க இன்னும் அதிகம். புத்தகத்தை மூடி வெச்சிடுங்க, எந்தக் கதையும் முடிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. வீட்ல யாரையாவது அடிச்சு, மிரட்டி, தொட்டு நடந்த விஷயம்னா அது குடும்ப ரகசியம் இல்ல, காப்பாத்த வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. நம்பற ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, உங்க வட்டாரத்துல இருக்கிற குடும்ப சேவை நிலையத்துக்குப் போகலாம், மனசு ரொம்ப கனத்தா சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூருக்கு 1767ல எந்நேரமும் பேசலாம். யாருக்கும் தீங்கு நடக்காத, ஆனா சொல்லாம விட்ட விஷயம்னா, பெத்தவங்க நல்லா இருக்கிறப்பவே கேட்டுடுங்க. கூட்டமா இருக்கிறப்ப கேக்காதீங்க. தனியா, வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கிறப்ப மாதிரி கை வேலையா இருக்கிற நேரத்துல கேட்டா நம்ம அம்மாக்கள் பேசுவாங்க.

இந்த மாதிரி புத்தகங்க சிங்கப்பூர்ல எங்க கிடைக்கும்?

விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகக் கட்டடத்துல கீழ இருக்கிற இரவல் பகுதியில தமிழ்ப் புத்தகங்க இருக்கு, வட்டார நூலகங்கள்லயும் தமிழ் அலமாரி இருக்கும், நூலக ஆப்ல தேடினா எந்தக் கிளைல இருக்குன்னு காட்டும், மின்னூலாவும் இரவல் வாங்கலாம். தேக்கா பக்கம் போனா மாத நாவலுங்க கண்ணுல படும், அதுல குடும்ப மர்மக் கதைங்க நிறைய வரும், தரம் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசப்படும், முதல் நாலு பக்கம் நின்னுக்கிட்டே படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. நீங்களே எழுதினீங்கன்னா தேசியக் கலைகள் மன்றத்தோட தங்கமுனை விருதுப் போட்டில தமிழ்ச் சிறுகதைக்கும் பிரிவு உண்டு. திகில் கதையை அங்க அனுப்பலாமான்னு தயங்காதீங்க, நல்லா எழுதியிருந்தா அனுப்புங்க.